அப்பாவுக்கு நரை வந்தது

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா, வந்த மூன்றாம் நாள் உறைமோர் கேட்டுக் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவருக்குத் திருச்சியிலிருந்து இங்கே மாற்றலாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அந்த அக்கா கூடத்தில் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் அப்பாவின் படம் இருந்தது. மேலே பிளாஸ்டிக் சந்தன மாலை, கீழே சிவப்பு பல்பு. அப்பா தொழிற்சாலையில் சேர்ந்தபோது அடையாள அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். அதில் அவருக்கு இருபத்துநாலு வயது. வேறு நல்ல படம் எங்களிடம் இல்லை.

அம்மா மோரோடு வெளியே வந்து கிண்ணத்தைக் கொடுத்ததும் அந்த அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“பெத்த வயிறு எப்படிக்கா தாங்குச்சு?”

அம்மாவுக்குப் புரியவில்லை. “என்னது?” என்றாள்.

“ஒரே புள்ளையாக்கா?”

“ஆமா, ஒரே புள்ளதான்.”

அந்த நேரத்தில்தான் நான் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி கூடத்துக்கு வந்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அப்பாவின் நெற்றி, அப்பாவின் மூக்கு, நெற்றியின் மேலே முடியைத் தூக்கிவிடும் அதே சுழி. அந்த அக்கா என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். கையிலிருந்த கிண்ணம் நழுவி மோர் தரையெல்லாம் சிதறியது.

“அது எங்கப்பாக்கா,” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது. என் முகத்தைச் சுற்றி வழித்து நெட்டி முறித்தார். “நூறு வயசு இருக்கணும் தம்பி” என்றார். துணி வாங்கித் தரையைத் தானே துடைப்பேன் என்று அடம்பிடித்தார். அவர் போன பிறகு அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்களிடமும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து, எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் கேட்டாள். “உன் கம்ப்யூட்டர்ல முடிய வெள்ளையாக்க முடியுமாடா?”

அந்தக் கேள்வியின் வினோதம் புரிய வேண்டுமென்றால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் ரயில் நிலையத்தின் பக்கத்தில், ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடுகிற ஒரு கலர் லேப். அங்கே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேனரும் வாங்கிப் போட்டு, என்னை உட்கார வைத்திருந்தார் முதலாளி. படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேர் அப்போது அந்தப் பக்கத்துக்குப் புதுசு. கிழிந்த படத்தை ஒட்டுவது, கறை எடுப்பது, தனித்தனியாக எடுத்த இருவரைச் சேர்த்து நிற்க வைப்பது என்று எல்லாம் செய்தாலும், வந்த வேலையில் பாதி முடியைக் கறுப்பாக்குகிற வேலைதான். பெண்ணுக்கு இளநரை என்று தாய்மார்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இரண்டாம் கல்யாணத்துக்கு நிற்கும் ஆண்கள் எதுவும் சொல்லாமல் தலையைத் தடவிக் காட்டுவார்கள். கட்சிக்காரர்கள் போஸ்டருக்குக் கொடுக்கும்போது, “மீசையையும் பாத்துக்க” என்பார்கள்.

எனக்கு அது கை வந்திருந்தது. முழுசாகக் கறுப்படித்தால் டோப்பா வைத்த மாதிரி ஆகிவிடும். வகிட்டோரத்தில் கொஞ்சம் வெளிச்சம் விட வேண்டும். காதுப் பக்கம் இரண்டு மூன்று நரையை அப்படியே விட்டுவிட்டால்தான் பார்க்கிறவர்கள் நம்புவார்கள். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். வெள்ளையாக்கச் சொல்லி மட்டும் அதுவரை ஒருவர்கூட வந்ததில்லை.

“யார் முடிய?” என்று கேட்டேன்.

அம்மா கூடத்துப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. தெனமும் தலை வாரும்போது கண்ணாடியில எனக்குப் பின்னாடி அவுரு படம் தெரியும். ரெண்டையும் சேத்துப் பாத்தா எனக்கே அப்படித்தான் தோணுது. அவுருக்கும் வயசாகட்டும்டா. நான் மட்டும் எதுக்குத் தனியா கிழவி ஆகணும்?”

அவளுக்கு அப்போது நாற்பத்துநாலு. கிழவி ஒன்றும் இல்லை. ஆனால் முன்தலை பாதிக்குமேல் வெளுத்திருந்தது. அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு, அவளுக்கு இருபத்தாறு, எனக்கு ஐந்து. ஏழு வருஷம் அவரோடு இருந்தாள். பதினெட்டு வருஷம் அவர் இல்லாமல்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி லேபுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அது சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். கறுப்பை வெளுப்பாக்க வேண்டும், அவ்வளவுதானே. ஸ்கேன் செய்து, தலைமுடியை மட்டும் மௌஸால் சுற்றி வளைத்து, வெளிச்சத்தைக் கூட்டினேன். முடி நரைக்கவில்லை. சிமெண்ட் பூசின மாதிரி ஆனது. இன்னும் கூட்டினேன். சுண்ணாம்பு ஆனது. அப்பா எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தார். அந்தப் பழைய படத்தில் அவர் தலை ஒரே கறுப்புத் திட்டு. அதில் இழை என்று ஒன்றுகூடப் பதிவாகியிருக்கவில்லை. இல்லாத இழையை எப்படி வெளுக்க வைக்க முடியும்? சின்னச் சின்னக் கோடுகளாக நானே வரைந்து பார்த்தேன். சுமாராக வந்ததை ஒரு பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா பார்த்தாள். “நாடகத்துல பவுடர் கொட்டிக்கினு அப்பன் வேஷம் கட்டுனவன் மாதிரி இருக்காரு,” என்றாள்.

“எங்கேருந்து நரைக்க ஆரம்பிச்சிருக்கும்னு தெரிஞ்சா பரவாயில்ல. காதோரமா, நடுவுலயா, முன்னாடியா?”

அவள் யோசித்தாள். தெரியாத விஷயத்தை யோசிக்கிற முகம் இல்லை அது. தெரிந்திருக்க வேண்டியதைத் தேடுகிற முகம்.

“ஒரு நரைகூடப் பாக்கலையேடா நான்,” என்றாள் கடைசியில். பிரிண்டைத் திருப்பிக் கொடுத்தபடி, “உங்க பெரியப்பாவப் பாத்தா தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே தலை,” என்றாள்.

பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் பெரியப்பா என்ற சொல்லே எழுந்ததில்லை.

அப்பாவின் குடும்பம் திருமழிசைக்காரர்கள். தலைமுறையாக அங்கேயே பயிர் வைத்தவர்கள். பணியில் இருக்கும்போது இறந்ததால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவதாகத் தொழிற்சாலையில் சொன்னார்கள். அப்பாவின் அண்ணனான பெரியப்பா, அதைக் கடைசித் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அண்ணியையும் பிள்ளையையும் அவன் பார்த்துக்கொள்வான் என்றார்.  கருமாதி முடிந்த மறு வாரம் அம்மா, என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், தானே அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதைக் கேட்டு பெரியப்பா, “தாலியறுத்த ஈரம் காயல, அதுக்குள்ள ஆபீசுக்குக் கெளம்பிட்டாளா?” என்று பத்துப் பேர் நடுவில் சொன்னார்.  அம்மா அந்த ஊருக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

நான் போய் ஒரு போட்டோ எடுத்து வருகிறேன் என்று சொன்னேன். “கேட்கறது நான். நானேதான் வரணும்,” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து நெடுஞ்சாலையில் இன்னொரு பஸ்.  திருமழிசையில் இறங்கியதும் அம்மா வழி கேட்காமல் நடந்தாள். தொழிற்பேட்டை எஸ்டேட் வந்து, ஒருபக்கம் கம்பெனிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளாக இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் நின்று, “இங்கதான் நம்ம கெணறு இருந்திச்சு,” என்று மட்டும் சொன்னாள். அங்கே ஒரு லாரி எடைமேடை இருந்தது.

பெரியம்மாதான் கதவைத் திறந்தார். அம்மாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உறைந்துபோய் நின்றார். பிறகு உள்ளே திரும்பி, “யார் வந்துகீறாங்கன்னு பாரு,” என்று கத்தினார்.

பெரியப்பா வந்தார். ஐம்பத்தாறு வயசு. காக்கிக் கால்சட்டை, பனியன். நிலத்தில் பெரும்பகுதி எஸ்டேட்டுக்குப் போய்விட, மிச்சத்தில் பெரியம்மா கீரை போட, அவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். அவருடைய முகம் அப்பாவின் முகமேதான். கன்னம் மட்டும் ஒட்டியிருந்தது. ஆனால் நாங்கள் இருவரும் பார்த்தது அவர் தலையை.

தலை கன்னங்கரேலென்று இருந்தது.

காதுமடலில் சாயக்கறை. நெற்றியோரம் ஊதா நிறத்தில் ஒரு கோடு. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“வாம்மா,” என்றார் பெரியப்பா.  “இன்னா, இவ்ளோ தூரம்? ஒடம்பு கிடம்பு நல்லா கீதா?” என்னைப் பார்த்து, “இன்னா நைனா, அப்படியே அவனாட்டமே வந்து நிக்கிற,” என்றார். சொல்லிவிட்டு, கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

பெரியம்மா காபி கொண்டுவந்தார். அம்மா குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண் அழுததில் தொடங்கி, சிமெண்ட் பூசின தலைவரை. “உங்க தலையப் பாத்து எடுக்கலாம்னு வந்தோம் மாமா,” என்று முடித்தாள்.

 பெரியப்பாவின் கை தானாகப் போய்த் தலையைத் தொட்டது.

“ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி அடிச்சிக்கினு கீறேன். வயசாயிடுச்சின்னு கேட் வேலைய வுட்டுத் தூக்கிடுவானுங்கன்னு பயம்,” என்றார். பிறகு, “ரெண்டு மாசம் டைம் குடும்மா. சாயத்த வுட்டுடறேன். சலூன்ல சொல்லி கறுப்ப வெட்டிக்கினா வெள்ளை மட்டும் நிக்கும்,” என்றார்.

பெரியம்மா பதறினார். “வெள்ளைத் தலையோட போய் நின்னா கம்பெனில வெச்சிப்பானா?”

“தொப்பி கீதில்ல? யூனிபாரத்தோட குடுத்தத சும்மாவா வெச்சிக்கிறது?”

நாங்கள் கிளம்பும்போது அவர் தெருவரை வந்தார். “அன்னிக்கு நான் பேசுனது…” என்று ஆரம்பித்தார்.

“நான் அதுக்கு வரல மாமா,” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து லேப் காமிராவை வாங்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். பெரியப்பா வாக்குத் தவறவில்லை. தொப்பியைக் கழற்றியதும் எனக்கு அடையாளம் குழம்பிப்போயிற்று. பத்து வயசு கூடிய மாதிரியும் இருந்தது, முகத்தில் ஏதோ இறுக்கம் போய்விட்ட மாதிரியும் இருந்தது. வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தேன். முன்பக்கம், இடது, வலது என்று ஒரு பாதி ரோல் எடுத்தேன். அவர் வெட்கப்பட்டபடி உட்கார்ந்திருந்தார்.

“எங்க ஊட்டாளுங்களுக்கு எல்லாம் எடது பக்கந்தான் மொதல்ல வரும்,” என்று காதுக்கு மேலே தொட்டுக் காட்டினார். “எங்கப்பனுக்கும் இங்கதான். அப்பறம் நெத்திச் சுழி. பின்னாடி கடைசிவரைக்கும் கறுப்பா கெடக்கும். உங்கப்பனுக்கும் அப்படித்தான் வந்திருக்கும், எழுதி வெச்சிக்க.”

ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார். “உங்கம்மா என்னப் பத்தி இன்னா சொல்லும்?”

“ஒண்ணும் சொன்னதில்ல பெரியப்பா.”

“திட்டியாச்சும் இருக்கலாம்,” என்றார்.

படங்களைக் கழுவி, ஸ்கேன் செய்து, நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினேன். இழை இழையாக, உண்மையான நரை. அதை அப்பாவின் தலைமேல் பொருத்த மூன்று நாள் பிடித்தது. லேப் வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் செய்தேன். அந்தச் சுழி இருந்ததால் முடி விழுகிற திசை அப்படியே ஒத்துப்போனது. ஆனால் பொருத்தி முடித்துப் பார்த்தபோது படம் தப்பாகவே இருந்தது. இருபத்துநாலு வயசு முகத்தின்மேல் ஐம்பத்தாறு வயசுத் தலை. என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவை வரச் சொன்னேன்.

அவள் மத்தியானம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அம்பத்தூருக்கு வந்தாள். நான் வேலை செய்கிற இடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. ஏசி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்றதும், கோயில் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். முதலாளி ஒரு நாற்காலி கொடுத்துவிட்டு வெளியே போனார்.

மானிட்டரில் அப்பாவின் முகம் பெரிதாக இருந்தது. நரையை ஒரு தனி அடுக்காக வைத்திருந்தேன். அதைக் கூட்டலாம், குறைக்கலாம், முழுசாக மறைக்கலாம். அம்மாவுக்கு அதைக் காட்டினேன்.

“கொறை,” என்றாள்.

குறைத்தேன்.

“இன்னும். அவுருக்கு அம்பதுதான் ஆவுது. அவ்ளோ வராது.”

இன்னும் குறைத்தேன். அவள் உடம்பை முன்னால் சாய்த்துப் பார்த்தாள். “அந்தப் பக்கம் ஜாஸ்தியா இருக்கு. மேல கறுப்பா வுடு. காதுக்கிட்ட இருக்கட்டும்.” மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி, எது வேண்டும் எது வேண்டாம் என்று அவ்வளவு தீர்மானமாகச் சொன்னாள். நரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றவள்.

முகத்தில் சுருக்கம் ஏதாவது போடட்டுமா என்று கேட்டேன். “வாணாம். முடி மட்டும் போதும்,” என்றாள்.

அடுக்கை மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்து, நெற்றிச் சுழியில் ஒரு கீற்று விட்டு, காதோரம் மட்டும் வெளுப்பு நிற்கிற மாதிரி வைத்தபோது, எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் ஒரு மனிதர் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையை மாட்டிவிட்டு, காபி கேட்கிற வயசில் ஒரு மனிதர். எனக்கு அவரைத் தெரியாது. சுவரில் இருந்த இளைஞனையும் எனக்குத் தெரியாதுதான், ஆனால் அவனைத் தெரியாதது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. என் வயசுப் பையன் ஒருவன், அவ்வளவுதான். இந்த மனிதரைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு அப்பா இல்லாமல் போனது தெரிந்தது.  அம்மா பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

அம்மா கையை நீட்டி, திரையில் அவருடைய காதோரத்தைத் தொட்டாள். திரையின் கண்ணாடியில் தேங்கியிருந்த மின்சாரம் சுருக்கென்று தாக்க, அவள் கையை இழுத்துக்கொண்டாள். “ஷாக் அடிக்குது,” என்றாள். விரலைத் தேய்த்துக்கொண்டே, “இந்நேரத்துக்குக் கண்ணாடி போட்டிருப்பாரு. அப்பவே பேப்பர தள்ளிப் புடிச்சித்தான் படிப்பாரு,” என்றாள்.

பழைய அளவிலேயே ஒரு பிரிண்ட் போட்டு, அதே சட்டத்தில் வைத்து, வீட்டுக்கு எடுத்துப்போய் ஆணியில் மாட்டினேன். மாலையைப் போடக் கையில் எடுத்தேன்.

“மாலை போடாத,” என்றாள் அம்மா.

“ஏன்?”

“இந்த வயசுல அவுரு சாகலையேடா.”

மாலையைக் கீழே வைத்தேன். மாலை இல்லாமலே அந்தப் படம் சுவரில் இரண்டு நாள் இருந்தது. உயிரோடு இருக்கிற கணவரின் படம் மாதிரியே இருந்தது. அம்மா கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் சேலையைச் சரிசெய்துகொள்வதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது இளைஞர் திரும்பவும் மாலையோடு சுவரில் இருந்தார். நரைத்தவர் இரும்பு பீரோவில், அம்மாவின் பட்டுச் சேலைகளுக்கு நடுவே, ஒரு பழுப்பு உறைக்குள் போயிருந்தார்.

“யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்றது?” என்றாள். “யார் வேணா என்ன வேணா நெனச்சிக்கட்டும். இவுரு எனக்கு மட்டும் இருக்கட்டும்.”

அந்த மாதக் கடைசியில் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கட்டுக் கீரையும் தொப்பியும் கையில் இருந்தன. குவார்ட்டர்ஸ் வாசலை அவர் மிதித்தது, அப்பாவைத் தூக்கிப்போன நாளுக்குப் பிறகு அன்றுதான். அம்மா பீரோவைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“முடி என்னுது,” என்றார். “ஆனா நான் இல்ல. அவன்தான்.”

படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்க்காமல், படத்தைப் பார்த்தபடியே சொன்னார். “நீ வேலைக்குப் போனதுதான் சரிம்மா. சின்னவன் கையில குடுத்திருந்தா…” கடைசித் தம்பி குடித்தே போய்ச் சேர்ந்தது எங்களுக்கும் தெரியும். “அவன் எப்படிப் போனாலும் சரி. நான் பேசுனது பேச்சில்ல. அந்த வார்த்தைய இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு நெஞ்சு திக்குனு கீது.”

அம்மா கீரைக்கட்டை அவிழ்த்து, முறத்தில் போட்டு ஆய ஆரம்பித்தாள். நாலைந்து தண்டு ஆய்ந்த பிறகு, “சாப்புட்டுப் போங்க மாமா,” என்றாள். அவர் சாப்பிட்டுப் போனார். அதன் பிறகு வந்துகொண்டும் இருந்தார்.

அவர் நரையோடு நின்றுவிட்டார் என்று சொல்ல ஆசைதான். நிற்கவில்லை. கம்பெனியில் ஒருநாள் தொப்பி காற்றில் பறந்து, தலை வெளியே தெரிந்து, அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ‘தாத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கூப்பாடுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது தலை பழையபடி கன்னங்கரேல். நான் சிரித்தேன். “இன்னாத்துக்கு சிரிக்கற? அதான் போட்டோ எடுத்துட்டியே,” என்றார்.

லேபில் நான் வழக்கம்போல மற்றவர்களின் முடியைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் முழுசாகச் செய்து முடித்ததும் பழைய ஸ்கேனை அழித்துவிடுவேன். ஹார்ட் டிஸ்கில் இடம் போதாது. இப்போது அழிக்க மனசு வரவில்லை. நரைத்த தலைகளை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். இடத்தை அடைக்கிறது என்று முதலாளி திட்டினார். திட்டிய பிறகுதான் அழித்தேன்.

அடுத்த வருஷம் அப்பாவின் திதிக்கு முந்தின வாரம், அம்மா பீரோவிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“போட்டு ஒரு வருஷம் ஆயிடுச்சே. இன்னும் கொஞ்சம் வந்திருக்கும்.”

விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. பழைய அடுக்கையே கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. போன வருஷம் வேண்டாம் என்று தள்ளிய இடங்களே திரும்பத் தெரிந்தன. புது நரை வேண்டும். பெரியப்பாவைக் கேட்கலாமா என்றேன். “பாவம், அவுர மறுபடியும் தாத்தா ஆக்காத,” என்றாள்.

அந்த வாரத்திலேயே அவளுக்கு அலுவலகத்தில் புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். லேபில் நானே எடுத்தேன். “கறுப்படிக்கட்டுமாம்மா?” என்று கேட்டதற்கு, “இருக்கறத வெச்சே எடு,” என்றாள். அவளுடைய படத்தை ஸ்கேன் செய்து, அளவு வெட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். நெற்றியிலிருந்து பின்னால் இழுத்து வாரிய முடி, காதுக்கு மேலே வெள்ளையும் கறுப்பும் கலந்து, ஒரே சீராகப் பின்பக்கம் போனது. அப்பாவின் தலைக்குத் தேவைப்பட்டது அப்படியே அதுதான்.

அதிலிருந்து ஒரு பிடி இழைகளை எடுத்து நிறம் நீக்கினேன். இடது காதுக்கு மேலே வைத்தேன். சுழியின் ஓரத்தில் இரண்டு இழை. வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிரிண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் போய், முதலில் கிட்டே பிடித்துப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“போன வருசம் எங்கியோ உங்க பெரியப்பா சாயல் இருந்திச்சு,” என்றாள். “இது அவுரேதான். யார்கிட்ட எடுத்த?”

“இருந்ததையே கொஞ்சம் சரி பண்ணேன்,” என்றேன்.

அவள் படத்தை உறைக்குள் வைத்து, பீரோவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். யாருடைய முடி என்று நான் இன்றுவரை சொல்லவில்லை.